வழிகாட்டி இல்லாமல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள மலைக் கிராமங்கள் வழியாக ஒரு வாரம் நடக்க ஐம்பது வயதைக் கடந்த தம்பதியால் முடியுமா?

முடியும். நானும் என் கணவரும் 2023 அக்டோபர் கடைசியில் நடந்தோம். அப்போது எனக்கு 56 வயது, அவருக்கு 61. நீங்கள் கேள்விக்குக் கீழே, "நடப்பதற்கு எதற்காக ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள்" என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். என் நாத்தனார் இதே கேள்வியை இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு குடும்ப விசேஷத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மெரினாவில் நடந்தால் காசு கிடையாதே என்பது அவருடைய வாதம்.

அந்த நிறுவனம் நமக்காக நடப்பதில்லை, நம்முடனும் நடப்பதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் அறை பதிவு செய்கிறது, காலையில் பெட்டியை வாங்கி அடுத்த கிராமத்தில் சேர்க்கிறது, வரைபடமும் வழிக்குறிப்பும் கைபேசியில் பார்க்கும் தடமும் தருகிறது, அவசரத்துக்கு ஒரு எண் தருகிறது. அவ்வளவுதான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள், ஏழு ஊர்களுக்கு ஏழு விடுதிகளுடன் தனித்தனியாகக் கடிதப் போக்குவரத்து நடத்துவதைவிட ஒரே தாளாகக் கொடுப்பது எளிது. பெட்டியைக் காரில் அனுப்பிவிட்டு நடப்பது நடையே அல்ல என்று எழுதுபவர்களை நான் அறிவேன். என் கணவரின் இடது முழங்காலுக்குப் பன்னிரண்டு கிலோவைச் சுமக்கும் வலு இல்லை. அதற்காக அவர் மலை ஏறவே கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதே என் நிலை. சுமக்க முடிந்தவர்களுக்குத் தீவு நிர்வாகமே மலையில் தங்குமனைகள் நடத்துகிறது. அடுக்குக் கட்டில்தான் என்றாலும் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் நிறுவனமே தேவையில்லை.

மயோர்க்கா என்றவுடன் கடற்கரையும் கூட்டமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தீவின் வடமேற்கு ஓரம் முழுவதும் திராமுந்தானா என்ற சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் நிற்கிறது. 2011-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றபோது இயற்கைக் களமாக அல்ல, மனிதர் உழைத்து உருவாக்கிய பண்பாட்டு நிலப்பரப்பாகவே ஏற்றது. சரிவு முழுவதும் படிப்படியாக வயல், ஒவ்வொரு படிக்கும் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர். இந்தச் சுவர்களின் பெயரால் 'உலர்கல் பாதை' என்று அழைக்கப்படும் ஜிஆர் 221 என்ற நெடுந்தூர நடைத்தடத்தில்தான் நாங்கள் நடந்தோம். பன்யல்புபாரிலிருந்து எஸ்போர்லெஸ் வரை முன்பு தபால்காரர் நடந்த வழி, பிறகு வால்டெமோசா, டெயா, சோயெர், அங்கிருந்து மேலே ஏறி யூக் மடாலயம், கடைசியில் பொயென்சா.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மூன்றாம் நாளைப் பற்றி. வழிகாட்டி இல்லாமல் போவது என்றால் உண்மையில் என்ன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

வால்டெமோசாவிலிருந்து டெயாவுக்கு மலை முகட்டின் மேல் ஒரு பாதை போகிறது. ஆஸ்திரியக் கோமகன் லுட்விக் சால்வடோர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சரிவில் நிலங்களை வாங்கி, கடலைப் பார்த்தபடி குதிரையில் போவதற்காகக் கல் பாவி அமைத்த பாதை அது. வழிப்போக்கர்கள் மூன்று நாள் இலவசமாகத் தங்கிப்போக ஒரு விடுதியையும் அவர் வைத்திருந்தார். அந்தப் பாதையை அடைவதற்கு முன் அடர்ந்த கருவாலி (ஓக்) மரக் காட்டின் வழியாக ஏற வேண்டும். ஒரு பழைய கிணறு இருக்கும் சமதளத்தில் பல ஒற்றையடிப் பாதைகள் கூடிப் பிரிகின்றன. நாங்கள் அங்கே சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மூடுபனி இறங்கியிருந்தது. பத்து அடிக்கு அப்பால் மரம் நிழல் போலத்தான் தெரிந்தது.

எங்களிடம் இருந்த வழிக்குறிப்பு, "சுவரை ஒட்டிச் சென்று மரக்கதவைத் திறந்து இடப்புறம் திரும்பவும்" என்றது. சுவர் இருந்தது, கதவு இருந்த இடத்தில் புதிதாகக் கல் அடுக்கி மேலே கம்பி கட்டியிருந்தார்கள். கைபேசியில் இருந்த தடமும் கதவு இருந்த காலத்தில் பதிவானது. எங்கள் புள்ளி சுவருக்கு இந்தப் பக்கமும் தடத்தின் கோடு அந்தப் பக்கமுமாக நின்றன. சுவரைச் சுற்றிப் போய்விடலாம் என்று காட்டுக்குள் இறங்கினோம். அதுதான் நாங்கள் செய்த தவறு.

அந்தக் காட்டில் ஒரு காலத்தில் கரி சுட்டார்கள். விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுட்ட வட்டமான மேடைகள் நூற்றுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் கல் வளையம், மேலே பச்சைப் பாசி, பக்கத்தில் கரிசுடுபவர் குடும்பத்தோடு தங்கிய குடிசையின் இடிந்த சுவர். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அரை மணி நேரம் நடந்த பிறகு, கதவு நிலையின் கல்லைப் பிளந்துகொண்டு ஒரு வேர் இறங்கியிருந்த குடிசையின் முன் நின்றோம். அதே வேரை அதற்கு முன்பே ஒரு முறை பார்த்திருந்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்று சொல்வார்களே, அந்தச் சொல்லின் பொருளை நான் என் அடிவயிற்றில் உணர்ந்தது அப்போதுதான்.

இன்னொரு கணக்கும் மனத்தில் ஓடியது. அதற்கு முந்தைய நாள், அக்டோபர் கடைசி ஞாயிறு, ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதை வழிக்குறிப்பு எழுதியவர் எங்கும் சொல்லவில்லை. டெயாவுக்கு இன்னும் நான்கு மணி நேர நடை இருந்தது, அதில் கடைசிப் பகுதி செங்குத்தான இறக்கம். என் இரத்த அழுத்த மாத்திரைகளோ காலையிலேயே பெட்டியுடன் டெயாவுக்குப் போய்விட்டன. தயவுசெய்து மருந்தையும் கடவுச்சீட்டையும் ஒருபோதும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.

அவசர எண்ணில் பேசியவர், குறிப்பு சரியாகத்தான் இருக்கிறது, நாங்கள்தான் தவறாகப் படித்திருப்போம் என்றார். எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பை ஒரு முறை நடந்து சரிபார்க்காமல் பணம் வாங்கி விற்பதும், காட்டில் நிற்பவரிடம் உங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்வதும் எந்த வகையில் நியாயம்? எல்லா நிறுவனங்களும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், குறிப்பைக் கடைசியாக யார், எந்த மாதம் நடந்து பார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தீவின் மலைநிலத்தில் பெரும்பகுதி தனியார் பண்ணைகளுக்குச் சொந்தமானது. கதவுகள் மூடப்படுவதும் வழி மாற்றப்படுவதும் அங்கே வழக்கமாக நடப்பவை.

நாங்கள் அந்தக் குடிசைச் சுவரில் உட்கார்ந்து, தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டியை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். என் கணவர், "ஒரு மணி வரைக்கும் பார்ப்போம், வழி கிடைக்கலைன்னா கிணத்துக்குப் போய் இறங்கிடலாம்" என்றார். முன்வைத்த காலைப் பின்வைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர்; அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி ஆயிற்று. வழி கிடைக்கவில்லை. சுவரைக் கையால் தொட்டபடியே கிணற்றடிக்குத் திரும்பி, அகன்ற பாதையில் வால்டெமோசாவுக்கு இறங்கி, அங்கிருந்து பேருந்தில் டெயா போய்ச் சேர்ந்தோம். பாதி வழியில் திரும்பியவர்கள் என்று இதைப் படிப்பவர்களில் சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். வழிகாட்டி உடன் இருந்திருந்தால் அந்த முடிவை அவர் எடுத்திருப்பார். அன்று அதை நாங்கள் எடுத்தோம். அந்த வாரத்தில் நான் அதிகம் பெருமைப்படுவது அந்த முடிவைப் பற்றித்தான்.

மற்ற நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் நன்றாகவே நடந்தன. டெயாவிலிருந்து சோயெர் வரை ஆலிவ் தோப்புகள், பழுத்துக்கொண்டிருக்கும் ஆரஞ்சு. சோயெருக்கு மேலே பினியராயிஷ் பள்ளத்தாக்கில் கல்படிகளாகவே ஏறி, 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து, கூபெர் நீர்த்தேக்கத்தை அடையும் நாள்தான் உடலுக்குக் கடினமானது. அந்தப் படிகளில் பாதி தூரத்தில் ஒருவர் சரிந்த சுவரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கால் மணி நேரம் நின்று பார்த்தோம். கயிறு கட்டி வரிசை பிடித்திருந்தார். ஒரு கல்லைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார், சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டுவார், இடத்தில் வைத்து அசைத்துப் பார்ப்பார், அசைந்தால் எடுத்துவிடுவார். முகப்புக் கல்லுக்குப் பின்னால் சிறு கற்களை இறுக்கி நிரப்பினார். மழைநீர் சுவரின் இடுக்குகள் வழியாகக் கசிந்து போய்விடுவதால் மண் பாரம் ஏறிச் சுவரைத் தள்ளுவதில்லை. இந்தக் கலையை 2018-இல் ஸ்பெயின், கிரீஸ், குரோவேஷியா உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இப்படிக் கட்டிய சுவரிலிருந்து கல்லை உருவி, படம் எடுப்பதற்காகக் குட்டிக் கோபுரம் அடுக்குகிறவர்களை வழியெங்கும் பார்த்தோம். ஒரு கல் போனால் அடுத்த மழையில் ஒரு முழம் சரியும். காட்டில் வழி தவறியவளாகவும் இதைச் சொல்கிறேன்: அங்கே வழியைக் காட்டுவதும் சிறு கற்குவியல்தான். விளையாட்டுக்கு அடுக்கிய குவியல் இன்னொருவரைத் தவறான பக்கம் அனுப்பிவிடும்.

நீங்கள் சைவம் என்று எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. என்சைமாடா என்ற சுருள் ரொட்டி பார்க்க நம் ஊர் இனிப்பு பன் போல இருக்கும். அதன் பெயரே பன்றிக்கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாயை வறுத்து அடுக்கித் தக்காளிச் சாறு ஊற்றிய தும்பெட் கேளுங்கள். எண்ணெய் ரொட்டி எங்கும் கிடைக்கும். மலையில் ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் தாங்காது. ஏப்ரல், மே, அல்லது கடிகாரம் மாறுவதற்கு முந்தைய அக்டோபர் நல்லது. சோயெரில் நடை இல்லாத ஒரு நாளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்கு அப்படி ஒரு நாள் இருந்தது. ஓய்வெடுப்போம் என்றுதான் முந்தின இரவு பேசிக்கொண்டோம். விடிந்து பார்த்தால் வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. என் கணவர் ஒன்றும் பேசாமல் காலணியை எடுத்து மாட்டினார். முதல் பேருந்தில் வால்டெமோசா போய், அதே காட்டில் ஏறி, அதே சுவரின் முன் நின்றோம். கதவு அடைக்கப்பட்ட இடத்திலிருந்து முப்பது அடி மேலே, சுவரின் மீது ஏறி இறங்க ஒரு மர ஏணி வைத்திருந்தார்கள். நாங்கள் அன்று கீழ்ப்பக்கமாகப் போயிருந்தோம். ஏணியைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் காடு முடிந்தது. கோமகன் போட்ட கல்பாதை முகட்டின் விளிம்பில் நீண்டு கிடந்தது, ஒரு பக்கம் முழுக்கக் கடல், மறுபக்கம் தீவின் சமவெளி. அவர் தன் தங்கைக்கு, என் நாத்தனாருக்கு, அங்கிருந்தே ஒரு படம் அனுப்பினார்.