தோட்டத்துல மண்புழு உரம் போட்டு விக்க லைசென்ஸ் வேணுமா?

களக்காடு பக்கம் ரெண்டு ஏக்கர் ஏத்தன் வாழை, மூணு மாடு, மண்புழு உரம் போட்டு மிச்சத்தை அக்கம்பக்கம் விக்கலாம்னு இருக்கேன், லைசென்ஸ் இல்லாம வித்தா ஆபீசர் வந்து புடிப்பாவளான்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். நான் சேரன்மகாதேவி பக்கம் நாலு வருஷமா இதைத்தான் செஞ்சிட்டு இருக்கேன், அதனால எனக்கு தெரிஞ்சத சொல்லுதேன்.

உங்க மாட்டுச் சாணி, உங்க வாழைச்சருகு, உங்க குழி, உங்க வயலு. இதுக்கு யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம். எங்க தாத்தா தொழுவத்துக்கு பின்னால எருக்குழி வச்சி பிசான நெல்லுக்கு முன்னால வண்டி வண்டியா குப்பை அடிச்சாவ, கிடை போட்டாவ, அப்போ எவன் வந்து பேப்பர் கேட்டான்? இப்பவும் கேக்க மாட்டான். சட்டம் எட்டிப் பாக்குறது பெரும்பாலும் ரெண்டு இடத்துலதான், ஒண்ணு உரம் உங்க கேட்டைத் தாண்டி வெளிய விலைக்கு போகும்போது, இன்னொண்ணு அடுத்தவன் கழிவு உங்க கேட்டுக்குள்ள வரும்போது.

முதல்ல வெளிய போறது. 1985ல வந்த உரக் கட்டுப்பாட்டு ஆணைன்னு ஒண்ணு இருக்கு, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துக்கு கீழ வருது, யூரியா பதுக்குறவனை புடிக்கிற அதே சட்டம்தான். 2006ல இயற்கை உரத்தையும் அதுக்குள்ள கொண்டு வந்துட்டாவ. அதுப்படி பார்த்தா உரம் தயாரிச்சு விக்கிறவன் அனுமதிக் கடிதம் வாங்கணும், ஆனா மண்புழு உரத்துக்கு மட்டும் ஒரு விலக்கு குடுத்திருக்காவ, வருஷத்துக்கு 50 டன்னுக்கு கீழ தயாரிக்கிற வசதி உள்ளவனுக்கு அந்த கடிதம் வேண்டாம். 50 டன்னுன்னா சும்மா இல்ல தம்பி. நான் வச்சிருக்கது 12க்கு 4 அடி சில்பாலின் (தார்ப்பாய் மாதிரி ஷீட்டு) பெட்டு, ஒண்ணுல ஒரு தடவைக்கு அறுநூறு எழுநூறு கிலோ, வருஷத்துக்கு நாலு தடவை எடுத்தாலும் மூணு டன்னு கூட தேறாது, அப்போ 50 டன்னுக்கு பதினெட்டுல இருந்து இருபத்தொரு பெட்டு போடணும். மூணு மாட்டுச் சாணிக்கு நீங்க கனவுல கூட அங்க போக மாட்டிய.

எனக்கு ஒரு வருத்தம் என்னன்னா விலக்கு புழு உரத்துக்கு மட்டும்தான். நம்ம சாதா குழிக் கம்போஸ்டு பத்து மூட்டை விக்கிறவனுக்கு அப்படி எழுதி வைக்கல. புழு தின்னா ஒரு நியாயம், தானா மக்குனா ஒரு நியாயமா? எந்த ஊர்ல உக்காந்து எழுதுனாவளோ.

கடிதம் வேண்டாம்னா தரமும் வேண்டாம்னு நினைச்சிராதிய. உரம்னு சொல்லி விக்கும்போது ஆணையில உள்ள அளவு உங்களுக்கும் உண்டு. தழைச்சத்து ஒரு சதவீதமாவது இருக்கணும், மணிச்சத்து, சாம்பல்சத்து ரெண்டும் 0.8 சதவீதமாவது, கரிமம் 18 சதவீதமாவது, காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம் தாண்டக்கூடாது, காட்மியம் 5. சாணியும் சருகும் போடுற நமக்கு காரீயம் எங்க இருந்து வரப்போவுது. நம்மள மடக்குறது ஈரப்பதம்தான், 15ல இருந்து 25 சதவீதத்துக்குள்ள இருக்கணும். பெட்டுல இருந்து அள்ளுன உரம் கையில புடிச்சா உருண்டை நிக்கும், அது அந்த அளவுக்கு எவ்வளவோ மேல. வெயில்ல காயப்போட்டா உள்ள இருக்க நுண்ணுயிர் நெறைய செத்துரும், அதனால நான் ஓலைப் பந்தலுக்கு கீழ பரத்தி ஆடிக் காத்துல விட்டுருவேன், நாலு நாள்ல பொலபொலன்னு ஆயிரும். எடை குறையும், விலைய கொஞ்சம் கூட்டி வச்சிக்கிடலாம், ஈரத்தோட மூட்டை கட்டி தண்ணிய எடைபோட்டு விக்கிறவனும் இருக்கான், அது வேற கதை.

உரக்கடைக்கு குடுக்கலாம்னு நினைச்சியன்னா அங்கதான் நிக்கும். கடைக்காரர் ஒரு உரத்தை அடுக்கி விக்கணும்னா ஃபார்ம் ஓன்னு ஒண்ணு, அதாவது சரக்கு யார்கிட்ட இருந்து வருதுங்கிற சான்று, தயாரிப்பாளர்கிட்ட இருந்து வாங்கி தன் லைசென்ஸ்ல சேக்கணும். என்கிட்டயும் ஒரு கடைக்கார அண்ணாச்சி இதைத்தான் கேட்டார், மூட்டையோட திரும்பி வந்துட்டேன். நேரா தோட்டக்காரங்களுக்கு விக்கிறதுதான் நமக்கு லாயக்கு.

இப்போ உள்ள வர்றது, நான் அடிபட்டது இங்கதான். போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்துல இருந்து எச்சில் இலை சும்மா தாறோம் குட்டியானைல கொண்டாந்து தட்டுறோம்னாவ, வாழையிலைதானேன்னு சரின்னுட்டேன். வந்து பார்த்தா இலையோட சாம்பார், ரசம், எண்ணெய், பிளாஸ்டிக் கப்பு, பாட்டில் மூடி. உப்பும் எண்ணெயும் பட்டா புழு நிக்குமா, ராத்திரியோட ராத்திரியா பெட்டை விட்டு ஓடிருச்சு. மூணாம் நாள் நாத்தம், ஈ மொய்க்கு, பக்கத்து தோட்டத்து அண்ணாச்சி பஞ்சாயத்துல சொல்லிட்டார், சுகாதார ஆய்வாளர் வந்து நின்னார். 1939ம் வருஷத்து பொது சுகாதாரச் சட்டத்துல ஈ, நாத்தம் எல்லாம் தொல்லைன்னு இருக்கு, உங்க சொந்த நிலம்னாலும் செல்லாதுன்னார். நல்ல மனுஷன், அபராதம் போடல, ஒரு வாரத்துல குழி வெட்டி மூடச் சொன்னார். இதுல கூத்து என்னன்னா 2016ல போட்ட திடக்கழிவு விதியில லைசென்ஸ் இல்லாத இடத்துல 100 பேருக்கு மேல கூடுற விசேஷம்னா மூணு வேலை நாளுக்கு முன்னாடியே உள்ளாட்சிக்கு சொல்லணும், குப்பையையும் பிரிச்சு குடுக்கணும்னு எழுதியிருந்தாவ. நம்ம ஊர்ல பந்தக்கால் நட்டுட்டு எவனாவது பஞ்சாயத்து ஆபீஸ் போனானா? கடைசில மாட்டுனது நான்.

சும்மா வருதுன்னா அடுத்தவன் தலைவலி கை மாறுதுன்னு அர்த்தம். 2024 டிசம்பர்ல நம்ம திருநெல்வேலி ஜில்லா நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளா ஆஸ்பத்திரி கழிவைத் தட்டிட்டு போனது ஞாபகம் இருக்கும், பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பொறவுதான் அங்க இருந்தே லாரி வந்து அள்ளிட்டு போச்சு. அதனால லோடு உள்ள வர்றதுக்கு முன்னாலயே வண்டில ஏறி கிளறிப் பாத்துருங்க.

மூட்டைல பேரு, படம், சத்து சதவீதம் எல்லாம் இஷ்டத்துக்கு அடிக்காதிய. அடிச்சா அந்த அளவு இருக்கான்னு சாம்பிள் எடுக்க வந்தா நாமதான் பதில் சொல்லணும். நான் பழைய சாக்குல கட்டி, பெட்டுல இருந்து எடுத்த தேதிய மட்டும் மார்க்கர்ல எழுதுதேன், வாங்குறவரும் அதைத்தான் கேக்காவ.