மணிக்கூட்டைத் திருப்பலாமா, விடலாமா? கேள்வி பதில்

ரொறன்ரோவில் மருத்துவமனைகளுக்கு வேலைநேர அட்டவணை மென்பொருள் எழுதுகிறேன். இங்கே கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, குளிரில் திருப்பி வைப்பார்கள். இதுதான் 'கோடை நேரம்'. அப்படி மாற்றும் இரண்டு ஞாயிறு அதிகாலையும் எனக்குத் தூக்கம் இல்லை. கேளுங்கள்.

கே: சென்னையில் ஐ.டி. வேலை. நவம்பர் வந்தால் நியூயோர்க் மீட்டிங் ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறதே?

நகர்வது மீட்டிங் அல்ல, அவர்களுடைய மணிக்கூடு. மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி, 3 ஆகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு 2 மணி, 1 ஆகிவிடும். கோடையில் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம், குளிரில் பத்தரை. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யாதீர்கள். போன் நாட்காட்டியில் மீட்டிங் நேரத்தோடு அது எந்த ஊர் நேரம் என்று ஊர்ப் பெயரையும் போடுங்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

கே: கோடை நேரத்தை விவசாயிகளுக்காகத்தானே தொடங்கினார்கள்?

மாடு மணிக்கூடு பார்ப்பதில்லை. அமெரிக்க விவசாயிகள் எதிர்த்துப் போராடி 1919-இல் அதை நீக்கவே வைத்தார்கள். ஜெர்மனி 1916-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது நிலக்கரி மிச்சம் பிடிக்க.

கே: ரொறன்ரோவிலிருந்து லண்டன் சித்தியை வழக்கமான நேரத்துக்கு எடுத்தால் சில நாட்களில் இன்னும் வேலையால் வரவில்லை என்கிறார்கள்?

ஐரோப்பா மாற்றுவது மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில். இடைப்பட்ட நாட்களில் ஐந்து மணித்தியாலம் நாலாகிவிடும். ஊர்ப் பெயர், ஊர்ப் பெயர்!

கே: மகன் நவம்பர் மாற்றத்தன்று அதிகாலை 1.40-க்குப் பிறந்தான். சாதகம் எழுத எந்த நேரம் கொடுப்பது?

நல்ல கேள்வி. அன்று 1.40 இரண்டு தரம் வரும். ஒன்று மாற்றத்துக்கு முன், இன்னொன்று பின். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு இலக்கினம் என்றால் இடையில் அரை இராசி போய்விடும். பிரசவ அறைக் குறிப்பில் முதல் 1.40-ஆ, இரண்டாவதா என்று கேட்டு வாங்குங்கள்.

இதில் எனக்கும் அடி விழுந்திருக்கிறது. அந்த இரவு ஏழு முதல் காலை ஏழு வரை வேலை செய்பவருக்கு உண்மையில் 13 மணித்தியாலம். என் நிரல் 12-க்குத்தான் சம்பளம் போட்டது. வயதான தாதி ஒருவர் வந்து, "தம்பி, ஒரு மணியை ரெண்டு தரம் பார்த்தனான், காசு மட்டும் ஒரு தரமோ?" என்றார். பதில் இல்லை. நிரலைத் திருத்தினேன்.

இலங்கையில் பிறந்தவர்களுக்கும் எச்சரிக்கை. 1996 மே 25 அன்று கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26 அன்று அரை மணி திரும்பியது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் 15 அன்றுதான் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டு வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னிக்குள் போனால் மணிக்கூட்டில் அரை மணி குறைக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து வருடச் சாதகங்களில் "எந்த நேரம்?" என்று கேட்காத சோதிடரை நம்பாதீர்கள்.

கே (ஸ்காபரோ அக்கா): இந்தக் கூத்தை நிறுத்தி எப்போதும் கோடை நேரமாகவே வைத்தால் என்ன? டிசம்பரில் நாலு நாற்பதுக்கே இருட்டுகிறது.

நிறுத்தலாம் அக்கா, ஆனால் எந்த நேரத்தில் நிறுத்துவது? கோடை நேரத்தில் நின்றால் ரொறன்ரோவில் ஜனவரிச் சூரியன் 8.50-க்குத்தான் எழும். பிள்ளைகள் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அமெரிக்கா 1974 ஜனவரியில் இதைத்தான் செய்தது. அதே ஒக்டோபரில் பழையபடி மாற்றிக்கொண்டது. பிரித்தானியா 1968 முதல் 1971 வரை பார்த்துவிட்டு விட்டது. ரஷ்யா 2011-இல் கோடை நேரத்தில் நின்று 2014-இல் குளிர்கால நேரத்துக்குப் போனது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் 2020-இல் குளிர்கால நேரமே வருடம் முழுக்க வேண்டும் என்றது.

கே (அதே அக்கா): துருக்கியும் கனடாவின் வடக்கே யூகோனும் கோடை நேரத்தில் நின்றுவிட்டுத் திரும்பவில்லையே? வசதியாக விட்டுவிட்டீர்களே!

பிடித்துவிட்டீர்கள். துருக்கி 2016 முதல் கோடை நேரத்தில்தான் நிற்கிறது. ஆனால் இஸ்தான்புல்லில் ஜனவரி விடியல் எட்டரையை ஒட்டி வருகிறது. அங்குள்ள தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். யூகோனின் வைற்ஹோர்ஸில் டிசம்பர் பகலே ஆறு மணித்தியாலத்துக்குள். அங்கே மணிக்கூட்டை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

கே (மறுபடியும் அக்கா): பள்ளிக்கூடத்தைப் பிந்தித் தொடங்கினால் போச்சு!

பள்ளி பிந்தினால் பெற்றோர் வேலை பிந்த வேண்டும். பிறகு வேலை முடிவதும் பிந்தும். நீங்கள் கேட்ட மாலை வெளிச்சம் எங்கே அக்கா?

கே: ஒன்ராறியோ சட்டம் போட்டதே, என்னாயிற்று?

2020-இல் போட்டது. கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு.

கே: ஐரோப்பா?

2019-இல் நாடாளுமன்றம் 410-க்கு 192 என்று நிறுத்த வாக்களித்தது. உறுப்பு நாடுகள் எந்த நேரத்தில் நிற்பது என்று ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவும் நானும் போல.

கே: வசந்தத்தில் முன்னாலயா, பின்னாலயா?

முதல் பதில்.

கே: நவம்பரில் எத்தனை மணிக்கு?

முதல் பதில்!! போன் தானாக மாறும். அடுப்பு மணிக்கூடு மாறாது, அதை நீங்கள்தான் திருப்ப வேண்டும்.