தோட்ட வீட்டுக்குத் துப்பாக்கி

கேள்வி: தோட்டத்து வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கலாமா? காட்டுப்பன்றியையும் விரட்டலாம் அல்லவா?

பதில்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, 21 வயது நிரம்பியவர் உரிமம் கோரி மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கலாம், காவல்துறை விசாரணைக்குப் பின்னரே முடிவு செய்வார்கள். பன்றியை மட்டும் மறந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், அந்தத் தொல்லைக்கு வனத்துறையையே நாட வேண்டும்.

உரிமம் கிடைத்தால், '12 போர்' (குழலின் உள்ளளவைக் குறிப்பது) இரட்டைக்குழல் துப்பாக்கியே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. துப்பாக்கியின் பின்புறக் கட்டையைத் தோளில் பதித்து, கன்னத்தை அதன்மேல் வைத்து, விரல்நுனி விசையை இயல்பாகத் தொடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். எட்டாவிட்டால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு நீளம். தோளில் சரியாகப் பதியாது.

பயிற்சியைத் தோட்டத்தில் வேண்டாம், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் செய்யுங்கள். ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் குழலைத் திறந்து, தோட்டா நுழையும் அறைகள் இரண்டும் காலிதானா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்வதும், சுடும் கணம் வரை விசைக்கு வெளியே விரலை நீட்டி வைப்பதும் உங்களுக்குப் பழக்கமாகிவிட வேண்டும். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களானால், துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாக்களை வேறொரு பூட்டிலும் வைத்து, சாவிகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பரணிலோ பீரோவின் மேலோ ஒருபோதும் வைக்காதீர்கள்.