பழைய கேம்கார்டர் காட்சிகளைக் கணினியில் ஏற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அக்காவின் திருமணத்தை 2004இல் மினி டிவி (MiniDV) டேப்பில் எடுத்தோம். கேமராவை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் சில புகைப்படங்கள்தான் தெரிகின்றன. வீடியோ அழிந்துவிட்டதா?

பதில்: பதறாதீர்கள், டேப்பிலேயே இருக்கும். அந்தக் காலத்து மினி டிவி கேமராக்கள் பலவற்றில் யூஎஸ்பி என்பது மெமரி கார்டுப் புகைப்படங்களுக்காக வைத்தது. வீடியோவுக்கு வேறு வழி: கேமராவில் ‘டிவி’ (DV) அல்லது ‘ஐ.லிங்க்’ (i.LINK) என்று எழுதிய, நான்கு முனை கொண்ட சின்னத் துளை இருக்கும். ஃபயர்வயர் என்ற, வீடியோவைக் கணினிக்கு அனுப்பும் இணைப்பு அது. மேசைக் கணினியில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்தி, ‘வின்டிவி’ (WinDV) என்ற இலவச மென்பொருளில் டேப்பை ஓடவிட்டுப் பதியுங்கள். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், சுமார் 13 ஜிபி இடமும் பிடிக்கும். கேபிளைச் செருகும்போது கேமரா அணைந்திருக்கட்டும்.

ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று இணையத்தில் மலிவாக ஒரு கேபிள் விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு முறையில் இயங்குபவை. வெறும் கம்பியால் சேர்த்துவிட முடியாது.

கேள்வி: என்னிடம் மேக்தான் இருக்கிறது.

பதில்: மேக்ஓஎஸ் 26 பதிப்பில் ஆப்பிள் ஃபயர்வயரைக் கைவிட்டுவிட்டது. தெரிந்தவர் வீட்டில் பழைய மேக் இருந்தால் மேம்படுத்தாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னுடையது மெமரி கார்டில் ஏவிசிஎச்டி (AVCHD) என்ற வடிவத்தில் பதியும் கேமரா. எம்டிஎஸ் (.MTS) என்று முடியும் வீடியோ கோப்புகளை மட்டும் நகல் எடுத்து எடிட்டிங்கில் வரிசையாக வைத்தேன். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் ஒரு கணம் அறுந்து மறுபடி தொடங்குகிறது.

பதில்: சரியாக அந்த இடத்தில்தானா! நீளமான ஒரே பதிவைக் கேமரா 2 அல்லது 4 ஜிபிக்கு ஒரு கோப்பாக வெட்டிவிடுகிறது. கார்டின் கோப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதே காரணம். எந்தத் துண்டுக்குப் பின் எது, எங்கே ஒட்ட வேண்டும் என்ற குறிப்புகள் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கின்றன. ‘ஸ்ட்ரீம்’ ஃபோல்டரை மட்டும் உருவி எடுத்தால் அந்தக் குறிப்பு போய்விடும். இணைப்பில் சில ஃப்ரேம்களும் ஒலியும் விழுங்கப்படும். ‘பிரைவேட்’ ஃபோல்டரை முழுதாக, பெயர் எதையும் மாற்றாமல் வன்தட்டுக்கு நகலெடுங்கள். பிறகு பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியே திறந்தால் துண்டுகள் ஒரே கிளிப்பாக வரும். கார்டை ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்றால், விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘காப்பி /பி’ (copy /b) கட்டளையால் துண்டுகளை வரிசையாக இணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கெட்டிமேளம் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: படம் வருகிறது, ஒலி வரவில்லை.

பதில்: ஏவிசிஎச்டி ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏசி-3 வகை. சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. ‘எஃப்எஃப்எம்பெக்’ (FFmpeg) என்ற இலவச மென்பொருளில் ஒலியை மட்டும் பிசிஎம் (PCM) என்ற சுருக்கப்படாத ஒலியாக மாற்றுங்கள், படத்தைத் தொட வேண்டாம், தொட்டால் தரம் குறையும்.

கேள்வி: ஆட்கள் நடக்கும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிகின்றன. கேமரா பழுதா?

பதில்: பழுதில்லை. ஒரு ஃப்ரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக, வெவ்வேறு கணத்தில் பதியும் இன்டர்லேஸ் முறை அது. நம் ஊரில் புழங்கிய ‘பால்’ (PAL) என்ற வீடியோ முறைக் கேமராக்களில் நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 50 பாதிகள். ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற, வீடியோ மாற்றும் இலவச மென்பொருளில் ‘பிவிடிஃப்’ (Bwdif) வடிகட்டியை ‘பாப்’ (Bob) முறையில் போட்டு 50 ஃப்ரேமாக மாற்றினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். 25 ஆக்கினால் பாதி அசைவு வீண். கோடு போய், படம் முன்னும் பின்னும் உதறினால் பாதிகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். மினி டிவியில் கீழ்ப்பாதி முதலில் வரும், ஏவிசிஎச்டியில் மேல்பாதி.

கேள்வி: டேப்பின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. துடைத்துவிட்டு ஓட்டலாமா?

பதில்: கூடாது. அது பூஞ்சை. கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நல்ல டேப்புக்கும் பரவும். டேப்பைச் சுத்தம் செய்து தருபவரிடம் கொடுங்கள். அதுவரை மற்ற டேப்புகளிலிருந்து தனியே வையுங்கள்.