மின்னாற்பகுப்பால் பொருட்கள் தயாரிப்பதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா, நிஜத்தில் யாராவது செய்கிறார்களா?

செய்கிறார்கள். மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிப்பதுதானே மின்னாற்பகுப்பு, நானே அதில் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தியவன்.

"ஒரு பேட்டரி, இரண்டு கரிக்குச்சி, ஒரு பீக்கர். இதை வைத்து என்ன பெரிதாகத் தயாரித்துவிட முடியும்?" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் பிளஸ் டூ மாணவர், மின்வேதியியல் பாடத்தைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

1807இல் ஹம்ப்ரி டேவி உருகிய காரத்தில் மின்சாரம் செலுத்திப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார். 1886இல் ஹால், ஹெரோல்ட் என்ற இருவர் தனித்தனியாக அலுமினியத்துக்கு வழி கண்டார்கள். அதுவரை தங்கம், வெள்ளியோடு வைத்துப் பார்த்த உலோகம் அது. இதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். எனக்குத் தெரிந்தது உப்பு. அதைச் சொல்கிறேன்.

தெற்குக் கடற்கரையோரம் ஒரு காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) ஆலை. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களிலிருந்து லாரி லாரியாக உப்பு வரும். அதைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் காஸ்டிக்கும் ஹைட்ரஜனும். ஒரு டன் காஸ்டிக் எடுத்தால் கூடவே சுமார் 880 கிலோ குளோரின் வந்தே தீரும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. காஸ்டிக் சோப்புக்கும் காகிதத்துக்கும் போகும். குளோரின் பிவிசி குழாய்க்கும் குடிநீர் சுத்திகரிப்புக்கும் போகும்.

செல் ஹவுஸ் என்று சொல்லும் கூடத்துக்குள் போனால் உங்கள் பீக்கர் மறந்துவிடும். செல் என்பது மின்னாற்பகுப்பு நடக்கும் பெட்டி; வரிசையாக நிற்கும் செல்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட்தான், டார்ச் லைட்டில் இரண்டு பேட்டரி போடுகிறோமே அவ்வளவு. ஆனால் ஓடுவது ஆயிரக்கணக்கில் ஆம்பியர். 1,000 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு செல்லில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காஸ்டிக் கிடைக்க வேண்டும். ஓடிய மின்சாரத்துக்கு ஏற்ற அளவுதான் பொருள் கிடைக்கும் என்ற ஃபாரடே விதியில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். காந்தப்புலம் அந்த அளவுக்கு இருப்பதால் கைக்கடிகாரம், ஏடிஎம் கார்டு எல்லாம் வெளியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு உள்ளே அனுமதியே கிடையாது. எங்காவது குளோரின் கசிகிறதா என்று பார்க்க, அம்மோனியாவில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றிக் குழாய் இணைப்பு ஓரமாகக் கொண்டுபோவோம். கசிவு இருந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புகை எழும்.

ஆனால் நான் செல் ஹவுஸ் ஆள் இல்லை, பிரைன் செக்ஷன். உப்புக் கரைசலைச் சுத்தம் செய்கிற இடம். மின்சாரம் செலுத்துவது இந்தத் தொழிலில் சுலபமான பாதி, கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால்தான் என்பது என் கட்சி. செல் ஹவுஸ் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். செல்லுக்குள் இரண்டு பக்கத்தையும் பிரித்து நிற்பது மெல்லிய சவ்வு, வெளிநாட்டிலிருந்து வருவது. கரைசலில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சவ்வுக்குள்ளேயே படிந்துவிடும். வோல்டேஜ் ஏறும், கரண்ட் பில் ஏறும். அப்புறம் என்ன கழுவினாலும் சவ்வு பழைய நிலைக்கு வராது.

புது உப்பு வரத் தொடங்கும் காலம்தான் எங்களுக்குச் சோதனை. நாள்பட்டுக் குவிந்து கிடக்கும் உப்பில் மெக்னீசியம் தானே கசிந்து குறைந்திருக்கும். புதிதாக வாரிய உப்பில் மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் ஒட்டிக்கொண்டே வரும். ஒரு வருடம் பழைய கையிருப்பு தீர்ந்துபோய், ஈரம் காயாத உப்பை அப்படியே கொட்டினார்கள். கரைசலில் சலவை சோடாவும் காஸ்டிக்கும் போட்டால் சுண்ணாம்பு வண்டலாக அடியில் இறங்க வேண்டும். மெக்னீசியம் அதிகமானால் கஞ்சி மாதிரி மிதக்கும், இறங்காது. அன்று இரவு ஷிப்டில் தொட்டியின் மேல்விளிம்பில் வழிந்த தண்ணீர் கலங்கலாக வந்தது. செல்களுக்குப் போகும் மின்சார லோடைக் குறையுங்கள் என்று போன் செய்தேன். "உற்பத்தி அடிபடும், காலையில் பார்ப்போம்" என்றார் மேலாளர். நான் விடவில்லை. ஷிப்ட் கெமிஸ்ட்டை எழுப்பி மாதிரி எடுத்துச் சோதித்து அளவைக் காட்டிய பிறகுதான் லோடு இறங்கியது. மிச்சக் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடிக்கும் ரெசின் தூண்களை மாற்றி, ஒன்றை ஆசிட் விட்டுக் கழுவி, விடியும்போது கரைசல் தெளிந்தது. சவ்வு தப்பியது. அந்த ஆண்டு பாராட்டுச் சான்றிதழ் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? செல் ஹவுஸுக்கு!

இதோடு நிறுத்தியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. நான் டிப்ளமோ. பி.இ. முடித்து வரும் பையனுக்கு வால்வு எது, பம்ப் எது என்று நான்தான் சொல்லிக்கொடுப்பேன். சீக்கிரத்தில் அவன் எனக்கு ஷிப்ட் இன்சார்ஜ் ஆகி, என் லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடுவான். பையன்கள் மேல் கோபமில்லை, பலர் இன்றும் பொங்கலுக்குப் போன் பண்ணுகிறார்கள். பதவி உயர்வு விதியை எழுதியவர்கள் ஒருநாளாவது அந்தத் தொட்டி மேல் ஏறியிருப்பார்களா என்பதுதான் என் கேள்வி. "கெமிக்கல் கம்பெனி ஆளுக்கு இந்தப் பக்கத்தைப் பற்றித்தான் தெரியும், மாசு பற்றிப் பேசமாட்டான்" என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு: பழைய ஆலைகளில் சவ்வுக்குப் பதில் பாதரசம் இருந்தது, அது செய்த கேடு எனக்கும் தெரியும். அதை விட்டுச் சவ்வுக்கு மாறியது நல்ல காரியம்தான்.

சரி, உங்கள் பீக்கருக்கு வருவோம். வீட்டில் உப்புத் தண்ணீரில் செய்ய வேண்டாம், அடைத்த அறையில் குளோரின் விளையாட்டுப் பொருள் இல்லை. எவர்சில்வர் ஸ்பூனை மின்முனையாகப் போடவே போடாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சு உப்பாகக் கரைந்து வரும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலும் இரண்டு செப்புத் தகடும் கேளுங்கள். தகடுகளை முதலிலேயே எடை போட்டுக் குறித்துவைத்து, ஆம்பியரையும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு தகடு இளைக்கும், மற்றது ஏறக்குறைய அதே அளவு தடிக்கும். ஃபாரடே கணக்கோடு ஒத்துவராவிட்டால் முதலில் தகட்டை ஒழுங்காகத் தேய்த்துக் கழுவினீர்களா என்று பாருங்கள்.