ஊரிலேயே நேர்மையான, நன்றாகப் பழகும் பழங்காசு வியாபாரியைக் கண்டறிவது எப்படி?

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கிடைத்த முப்பதுக்கும் மேற்பட்ட பழைய காசுகளை யாரிடம் காட்டுவது, திருச்சியில் ஏமாற்றாமலும் எரிந்து விழாமலும் பேசுகிற காசு வியாபாரியை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நகைக்கடையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் போட்டு வெள்ளி விலை சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் திருச்சியைச் சேர்ந்தவன்தான்; பதினெட்டு ஆண்டுகளாகப் பிரிட்டிஷ் இந்தியக் காசுகளைச் சேர்த்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு வியாபாரியின் நேர்மையை அறிய நான் கண்ட உரைகல் ஒன்றுதான். அவர் விற்கும் காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதே காசை நான் கொண்டுவந்தால் நீங்கள் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் ஒரு தொகையைச் சொல்லி, இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குக் காரணமும் சொல்பவரிடம் நம்பிப் பழகலாம். பேச்சை மாற்றுபவரிடமிருந்து வணக்கம் சொல்லி வெளியே வந்துவிடலாம்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் நம் கையில் உள்ளது என்ன என்பது நமக்கு ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். 1835 முதல் 1939 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சான ஒரு ரூபாய்க் காசு ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, 1940 முதல் அதே எடையில் பாதி மட்டுமே வெள்ளியாகிவிட்டது. 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை. புலி உருவம் பொறித்த அந்தக் காசு முழுக்க நிக்கல் என்பதால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு விக்டோரியா ரூபாயையும் ஒரு 1944 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை கேட்கும்போது, இரண்டுக்கும் ஒரே விலை சொல்பவர் ஒன்று தொழில் தெரியாதவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று எண்ணியவராக இருக்க வேண்டும். நகைக்கடைக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. உருக்கினால் தேறும் விலையைச் சொல்வது அவர் தொழில். காசின் ஆண்டு, அச்சான நாணயச்சாலை, தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்து விலை சொல்வது வேறொரு தொழில்.

என் தொடக்க காலத்தில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கடையில் 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் ஒன்றைக் காட்டி, நூற்றைம்பது ஆண்டுப் பழமை, இனிக் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லி அன்றைய வெள்ளி விலையைப்போல நான்கு மடங்கு வாங்கிக்கொண்டார்கள். காசு அசல்தான். ஆனால் 1862 என்ற ஆண்டையே தாங்கி அந்த ரூபாய்கள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து அச்சாயின என்பதும், 1874-இல்தான் காசில் ஆண்டு மாறத் தொடங்கியது என்பதும், ஆகவே நல்ல நிலையில் இல்லாத சாதாரண 1862 ரூபாய் எளிதாகக் கிடைக்கக்கூடியது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தக் காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றபோது, அதே கடையில் உருக்கினால் தேறும் விலைக்கும் குறைவாகச் சொன்னார்கள். பழமை வேறு, அருமை வேறு என்பதை அன்று காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அதே காசை எடுத்துக்கொண்டு, நண்பர் ஒருவர் சொன்ன ஒரு பெரியவரிடம் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு அறைதான் அவர் கடை. காசை விளிம்பில் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைத் திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், இந்த மெல்லிய கோடுகளைப் பாருங்கள்" என்று உருப்பெருக்கியை என் கையில் கொடுத்தார். நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீற்றாலும் செம்பைப் புளியாலும் தேய்ப்பது வழக்கம் அல்லவா, அந்தப் பழக்கத்தால் எத்தனையோ நல்ல காசுகள் மதிப்பிழந்திருக்கின்றன என்று அரைமணி நேரம் பொறுமையாகக் காட்டினார். பிறகு தம் பெட்டியிலிருந்து தேய்க்காத ஒரு ரூபாயை எடுத்து, காலத்தால் படிந்த சாம்பல் நிறம் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்தார். அன்று நான் எதுவும் வாங்கவில்லை. "ஐயா, இதை நீங்கள் எடுத்தால் என்ன தருவீர்கள்?" என்று அந்தத் தேய்க்காத காசைக் காட்டிக் கேட்டதற்கு, தாம் ஆயிரத்துக்கு விற்பதை எழுநூற்றைம்பதுக்கு எடுப்பதாகவும், மீதியில்தான் வாடகையும், விற்காமல் ஆண்டுக்கணக்கில் முடங்கும் முதலும் அடங்கியிருக்கின்றன என்றும் சொன்னார். அந்த இடைவெளி எனக்கு நியாயமாகவே பட்டது. வியாபாரிக்கு லாபம் இருப்பதில் தவறில்லை. அதை மறைப்பதில்தான் தவறு இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களைத் தேடுவதற்கு, கடைத்தெருவில் பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டு நடப்பதைவிடச் சேகரிப்பாளர்களைத் தேடிப் போவது நல்லது. ஊர்களில் அவ்வப்போது திருமண மண்டபங்களில் தபால்தலை, நாணயக் கண்காட்சிகள் நடக்கும். அங்கே ஒரே கூரையின் கீழ் பல வியாபாரிகள் மேசை போட்டிருப்பார்கள் என்பதால், ஒரே வகைக் காசுக்கு நான்கு பேரிடம் விலை கேட்டுப் பார்த்துவிடலாம். எந்த மேசையில் உள்ளூர்ச் சேகரிப்பாளர்கள் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அவர்கள் ஆண்டுக்கணக்காக வாங்கி, விற்று, சண்டையும் போட்டுத்தான் அந்த இடத்துக்கு வந்திருப்பார்கள். சென்னைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை ஒருமுறை பாருங்கள். அசலைக் கண்ணால் பார்த்துப் பழகிய பிறகு போலியைக் காட்டினால் கண்ணுக்கே உறுத்தும். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்களும் உண்டு. அவற்றின் உறுப்பினர்களைக் கேட்டால் உங்கள் ஊரில் யாரிடம் போகலாம் என்று சொல்வார்கள்.

கைப்பேசியில் வரும் காணொளிகளை மட்டும் நம்ப வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பழைய ஐந்து ரூபாய்த் தாளுக்கும் வைஷ்ணவ தேவி உருவம் உள்ள காசுக்கும் பல லட்சம் தருவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம், வரி என்று முதலில் நம்மிடம் பணம் கேட்பார்கள். தன் பெயரையும் முத்திரையையும் காட்டி இப்படிப் பழைய காசு, தாள் வியாபாரம் செய்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. நேர்மையான வியாபாரி உங்களிடம் காசு வாங்குவதற்கு உங்களிடமே பணம் கேட்க மாட்டார்.

போலிகளை ஒரு வியாபாரி எப்படிக் கையாள்கிறார் என்பதும் அவரை அளக்க நல்ல வழி. ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபக்கம் 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் உள்ள வில்லைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. அரிசியைத் தன்பால் இழுக்கும் சக்தி உண்டு, இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் கலந்தது என்றெல்லாம் சொல்லி அவற்றை வைத்து நம் மாநிலத்தில் குடும்பங்களையே அழித்திருக்கிறார்கள். அதை "கம்பெனி காசு" என்று விற்கும் மேசையில் வேறு எதையும் வாங்காதீர்கள். உண்மையிலேயே அரிதான 1939-ஆம் ஆண்டு ரூபாயிலும் வேறு ஆண்டுக் காசின் எண்ணைச் செதுக்கி மாற்றிய போலிகள் உலவுகின்றன. அதை வாங்க விரும்புகிறேன் என்று சொன்னால், "இதை நீங்கள் இன்னொருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு வந்த பிறகு பணம் கொடுங்கள்" என்று சொல்பவர்தான் நம் ஆள்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சிறு மின்னணுத் தராசின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி, கோப்பையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 11.66 கிராம் எடையுள்ள பழைய வெள்ளி ரூபாய்க்குத் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்ட வேண்டும், ஏனென்றால் காசு விலக்கும் தண்ணீரின் அளவு அதுதான். எடை சரியாக இருந்தும் இந்த எண் நன்றாகக் கூடினால், உள்ளே இருப்பது அந்த வெள்ளி அல்ல. புழக்கத்தில் தேய்ந்த காசு என்றால் எடை கொஞ்சம் குறையும், இந்த எண்ணும் அதே விகிதத்தில் குறையும். இந்தச் சோதனையைத் தம் கடையிலேயே செய்து பார்க்க இடம் கொடுக்கும் வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். முகம் சுளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சட்டம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். அதைத் தனி ஆட்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணுக்கடியில் கிடைத்த புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து சங்ககாலக் காசுகளும் உரோமானியக் காசுகளும் கிடைத்திருப்பது ஊரறிந்த செய்தி என்பதால், "நேற்றுத்தான் ஆற்றில் கிடைத்தது" என்று ஒரு கைப்பிடி அழுக்குக் காசை நீட்டுபவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் வார்த்தெடுத்த போலிகள். அசலாகவே இருந்தாலும் அவை இருக்க வேண்டிய இடம் வேறு. எங்கிருந்து வந்த காசு என்று கேட்டால் பதில் சொல்லும் வியாபாரியிடமே பழங்காலக் காசுகளை வாங்குங்கள்.

நன்றாகப் பழகும் வியாபாரி வேண்டும் என்று கேட்டீர்கள். அதில் பாதி நம் கையில் இருக்கிறது. கூட்டம் இல்லாத முற்பகலில் போங்கள். தொடுவதற்கு முன் கேட்டுவிட்டு, காசின் முகத்தில் விரல் படாமல் விளிம்பில் பிடியுங்கள். ஏலத்தில் போன விலையைக் கைப்பேசியில் காட்டி வாதாடாதீர்கள். அது பெரும்பாலும் புழங்காத, மினுமினுப்புக் குலையாத காசின் விலையாக இருக்கும், நம் கையில் இருப்பதோ பலர் மடியில் உரசிய காசு. ஒரு மணி நேரம் அவரிடம் கற்றுக்கொண்டால், ஓர் ஓட்டைக் காலணாவையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். 1943 முதல் 1947 வரை வந்த அந்தச் செப்புக் காசு இன்றும் மிகச் சிறு தொகைக்குக் கிடைக்கிறது, குழந்தைகளுக்குக் காட்டவும் அழகானது. ஆனால் இனிமையாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் விலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். என்னை ஏமாற்றியவர் எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தவர்தான்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். காசுகளைத் தேய்க்காதீர்கள், துணியால் துடைக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாள் உறையில் போட்டு, ஆண்டையும் காசில் பொறித்த எழுத்துகளையும் ஒரு நோட்டில் எழுதி, இருபக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா காசுகளில் 1876 வரை ராணி என்றும் 1877 முதல் பேரரசி என்றும் ஆங்கிலத்தில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டாம். மிகச் சாதாரணமான மூன்று காசுகளை மட்டும் இரண்டு வியாபாரிகளிடம் காட்டுங்கள். 1911-ஆம் ஆண்டு ரூபாய் உங்களிடம் இருந்தால் அதைக் கடைசிவரை வெளியே எடுக்காதீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து திரும்பப் பெற்ற காசு அது, நல்ல நிலையில் இருந்தால் வெள்ளி எடையைவிடக் கூடுதலாகவே போகும். மதிப்பிடுவதற்காக விட்டுவிட்டுப் போங்கள் என்று யாராவது சொன்னால், ஆண்டுவாரியாகக் காசுகளின் எண்ணிக்கை எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்காமல் ஒன்றையும் விட்டுவராதீர்கள். அந்தப் பெட்டியில் பாட்டி கையால் முடிந்துவைத்த காசு ஏதாவது இருந்தால், அந்த ஒன்றுக்கு யாரிடமும் விலை கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம்.