பிராட்பேண்ட் நெட்வொர்க்ல நாளைக்கு என்ன சர்வீஸ் வரும்னு தெரியாமலே, அதுக்கு வளைஞ்சு குடுக்குற பிளாட்பார்ம எப்படி டிசைன் பண்றாங்க?

நான் அட்டன் பக்கம் தோட்டத்துல வளர்ந்தவன், கொழும்புல ஒரு இன்டர்நெட் கம்பெனியில (பேரு வேணாம்) கொஞ்ச வருசம் இந்த வேலைதான் பார்த்தேன், அதனால நாங்க அடிபட்ட கதையவே சொல்றேன்.

ராத்திரி டேட்டா பேக்கேஜ் தெரியும்தானே, பகலுக்கு ஒரு கோட்டா, பன்னெண்டு மணிக்குப் பிறகு வேற கோட்டா. அத விட்ட முதல் மாசமே அம்மா கோல் எடுத்து, "தம்பி, தங்கச்சி ராவெல்லாம் முழிச்சிருந்து டவுன்லோட் பண்றா, ஆனா பகல் டேட்டாதான் கொறயுது, கீழ் டிவிசன்ல மாமா வீட்டுல மட்டும் சரியா இருக்காம்"னு சொன்னாங்க. ஒரே பேக்கேஜ், ஒரே தோட்டம், எனக்கு ஒன்னுமே வெளங்கல.

அடுத்த நாள் லாக் எடுத்துப் பார்த்தா, எங்க வீட்டு ரவுட்டர் 11 நாளா ஆஃப் ஆகவே இல்ல. கீழ் டிவிசன்ல மழைக்கு மரம் கம்பியில விழுந்து கரண்ட் போய் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வந்திருக்கு. அங்கதான் விசயம். ரவுட்டர் லாகின் ஆகுறப்ப ரேடியஸ் சர்வர் (யாரு கனெக்ட் ஆகலாம், என்ன ரூல்னு பார்க்குற கம்பெனி கம்ப்யூட்டர்) ஒரு தடவதான் "இவருக்கு இந்த ரூல்"னு சொல்லும், நாங்க பகலா ராத்திரியாங்குற கணக்க அந்தப் பதிலுக்குள்ளயே வச்சுட்டோம். பகல்ல லாகின் ஆனவருக்கு விடிய விடிய பகல் கணக்குதான், மாமா வீட்டுல பட்டப்பகல்லயும் ராத்திரி கணக்கு ஓடிச்சு, அவரு ஏன் கம்ப்ளைன் பண்ண போறாரு!

கனெக்சன கட் பண்ணாம நடுவுலயே ரூல மாத்த ரேடியஸ்ல சிஓஏன்னு ஒரு மெசேஜ் இருக்கு, 2008ல வந்த ஆர்எஃப்சி 5176ங்குற இன்டர்நெட் விதி ஆவணத்துல பார்க்கலாம். அத வச்சுத்தான் திருத்தினோம். ஆனா நெசமான திருத்தம் அது இல்ல, ரூல கேட்வே பெட்டியிலயிருந்து (வீட்டு டிராஃபிக் எல்லாம் கடந்து போற கம்பெனி பக்கத்து பெட்டி) கழட்டி, ரூல மட்டும் முடிவு பண்ற பாலிசி சர்வர்னு தனியா ஒரு கம்ப்யூட்டர்ல வச்சதுதான்.

இந்த யோசனை பழசு. 1990கள்லயே டெலிபோன்ல இன்டெலிஜென்ட் நெட்வொர்க்னு ஐடியு-டிங்குற சர்வதேச டெலிகாம் அமைப்போட க்யூ.1200 விதி வரிசையில எழுதி வச்சிருக்காங்க: டோல் ஃப்ரீ மாதிரி நம்பருக்கு கோல் வந்தா எக்ஸ்சேஞ்ச் தானா முடிவெடுக்காது, நின்னு எஸ்சிபிங்குற கம்ப்யூட்டர்கிட்ட "இத எங்க அனுப்ப"ன்னு கேக்கும். புது சர்வீஸுக்காக ஊர் ஊரா எக்ஸ்சேஞ்ச தோண்ட வேண்டியதில்ல.

பிராட்பேண்ட்லயும் அதேதான். ஜிபோன்னு ஒரே ஃபைபர பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்குற முறையில இறங்குற 2.488 ஜிகாபிட்ட 32, 64 வீடுன்னு பங்கு போட்டாலும் அந்த லைனுக்கு ராத்திரி பேக்கேஜ் பத்தி தெரியவே கூடாது. கேட்வேக்கு நாலே நாலு சின்ன வேலை தெரிஞ்சா போதும்: ஸ்பீட் கட்டுப்படுத்து, எண்ணு, வேற பக்கம் திருப்பு, நிப்பாட்டு. மத்ததெல்லாம் மேல இருந்து இந்த நாலையும் சேர்த்து சொல்றது. தேயிலை ஃபேக்டரியில ரோலர மாத்தியா பிஓபி, டஸ்ட்னு தூள் வகை பிரிக்கிறாங்க? சல்லடையத்தானே மாத்துறாங்க. பிறகு ஸ்டூடண்ட் பேக்கேஜ் கேட்டப்ப பாலிசி சர்வர்ல இருக்குற பேக்கேஜ் கேட்லாக்ல ஒரு வரி சேர்த்ததோட வேலை முடிஞ்சுது, முந்தி அதுக்கு மாசக்கணக்கு.

2012ல எட்ஸிங்குற ஐரோப்பிய டெலிகாம் தர அமைப்புல என்எஃப்வி (நெட்வொர்க் பெட்டி செய்யுற வேலைய சாதாரண சர்வர்ல சாஃப்ட்வேரா ஓட்டுறது) பேச்சு வந்ததுல இருந்து, பெட்டி போய் சாஃப்ட்வேர் வந்தா எல்லாம் தானா ஃப்ளெக்சிபிள் ஆகிடும்னு விக்கிறவங்க சொல்லுவாங்க, நம்பாதீங்க. ரூல் உள்ளுக்குள்ளயே புதைஞ்சிருந்தா பெட்டியா இருந்தா என்ன சாஃப்ட்வேரா இருந்தா என்ன.

இன்னொன்னு, பாலிசி சர்வர் படுத்துட்டா என்ன நடக்கும்னு முதல் நாளே யோசிங்க. ஒரு டீஃபால்ட் ரூல கேட்வேயிலயே வச்சிருந்தா கணக்கு கொஞ்சம் பிழையா போனாலும் நெட் இருக்கும். ராத்திரி பேக்கேஜும் ஸ்டூடண்ட் பேக்கேஜும் ஒரே வீட்டுல மோதுனா எது ஜெயிக்கும்னும் ஒரு முன்னுரிமை நம்பர் போட்டு வைக்கணும், அத நாங்க மறந்து இன்னொரு தடவ அடிபட்டோம்.

திருத்தினதுக்கு அடுத்த வாரம் மாமா கோல் எடுத்தாரு. "மருமகனே, திடீர்னு பகல் டேட்டா கொறயுதே, என்னான்னு பாருங்க."